பியூகிள் ஒலிக்கட்டும்! பறை முழங்கட்டும்!

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும் நாள். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோர் காதிலும் முதலில் விழும் சத்தம் எது?

டிரம் சத்தம்தான்!

"டம், டம்" என்று பெரிய டிரம் அதிர்கிறது. "டர்ர்ர்" என்று சிறிய டிரம் உருள்கிறது. பியூகிள் பிளிறுகிறது. தூங்கி வழிந்த பையன்கூட நிமிர்ந்து நிற்கிறான். கால்கள் தாமாகவே தாளம் போடுகின்றன.

இந்தப் பேண்டு வாத்தியம் எல்லாப் பள்ளிகளிலும் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பள்ளி போட்டி நடக்க வேண்டும். அந்த அணிவகுப்பில் நம் ஊர்ப் பறைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

இது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சாவி இல்லாத குழல்

அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 76. 1960-களின் நடுவில் பள்ளிப் பேண்டில் சிறிய டிரம் அடித்தவர்.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் 1995-ல்தான் தனி மாவட்டம் ஆனது. இன்றைய அரியலூர் மாவட்டம் 2007-ல் அமைந்தது. ஆகவே பெரிய போட்டி என்றால் பிள்ளைகள் திருச்சிக்குப் போக வேண்டும். டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் போன கதையைப் பெரியவர் இன்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்.

"தம்பி, பியூகிளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நாதசுரத்தில் துளை இருக்கிறது. விரலால் மூடித் திறந்து சுரத்தை மாற்றலாம். பியூகிளில் துளையும் இல்லை, சாவியும் இல்லை. உதடுதான் எல்லாம். உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும். தளர்த்தினால் இறங்கும். அதில் நன்றாக வருவது நாலைந்து சுரம்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு பட்டாளத்தையே எழுப்பலாம், தூங்கவும் வைக்கலாம்!" என்கிறார் அவர்.

உண்மைதான். மைக் இல்லாத காலத்தில் படைக்குக் கட்டளை சொன்னவை பியூகிளும் டிரம்மும்தான்.

பேண்டு பையனுக்கு என்ன கற்றுக் கொடுக்கிறது? அதையும் பெரியவரே சொல்கிறார்.

"பெரிய டிரம் விழும்போது எங்கள் எல்லோருடைய இடது காலும் ஒன்றாகத் தரையில் விழ வேண்டும். ஒருவன் முந்தினால் எல்லோரும் கெட்டோம். நான் கெட்டிக்காரன் என்று காட்ட அங்கே இடமே இல்லை. பக்கத்துப் பையனைக் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டும்."

வகுப்பில் மார்க்குக்காகப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். பேண்டில் மட்டும்தான் முந்துகிறவன் தோற்கிறான்!

நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்

போட்டியைப் பற்றிப் பெரியவருக்கு ஒரு கோபம் உண்டு. ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

முதல் வருடம் இவர்கள் அணி காக்கி அரை டிராயரும் வெள்ளைச் சட்டையும் போட்டுப் போனது. எதிரணி சரிகைப் பட்டையும் தலைப்பாகையுமாக வந்தது. எதிரணியின் தாளம் இரண்டு இடத்தில் தடுமாறியது. இருந்தும் கோப்பை அவர்களுக்கே போனது. உடைக்கு அத்தனை மார்க்!

அடுத்த வருடம் நீதிபதியாக வந்தவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "முதலில் கேட்கிறேன். பிறகு பார்க்கிறேன்" என்றார்.

அந்த வருடம் காக்கி டிராயர் அணிக்குக் கோப்பை!

இன்று பள்ளி விழாக்களில் என்ன நடக்கிறது? பளபளக்கும் உடை. கண்ணைப் பறிக்கும் தொப்பி. டிரம் மட்டும் தாளம் தப்புகிறது. நீதிபதிகளே! ஒரு சுற்றாவது நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். ஏழைப் பள்ளிக்கும் பணக்காரப் பள்ளிக்கும் ஒரே நீதி கிடைக்கும்.

அமெரிக்காவில் நடந்தது

பணம் புகுந்தால் போட்டி என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்கள் சங்கங்கள் அமைத்தார்கள். பியூகிளையும் டிரம்மையும் எடுத்துக்கொண்டு அணிகள் தொடங்கினார்கள். பிறகு ஊர்ப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். மாதா கோவில்களும் சாரணர் படைகளும் தங்கள் பிள்ளைகளை அனுப்பின. சின்னச் சின்ன ஊரில் எல்லாம் அணி இருந்தது. போட்டி அனல் பறந்தது.

1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள வொய்ட்வாட்டர் என்ற ஊரில் 'டிரம் கார்ப்ஸ் இண்டர்நேஷனல்' அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி நடந்தது. அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆட்டமும் பாட்டும் அற்புதம் என்கிறார்கள். பியூகிளுக்குச் சாவிகள் வந்தன. 2000-ம் ஆண்டில் வேறு பித்தளைக் குழல்களும் வந்தன. 2004-ல் மைக் வந்தது. 2009-ல் மின்சார இசைக் கருவியும் வந்தது.

கலை வளர்ந்தது. ஆனால் அணிகள் குறைந்தன! நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று சில டஜன்தான். ஒரு கோடைக்காலம் அணியில் சேர்ந்து வாசிக்க ஒரு பிள்ளை பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. ஏழைப் பிள்ளை எங்கே போவான்?

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சாவி வந்ததற்கும் மைக் வந்ததற்கும் வருந்துகிறார்கள். அதற்கு நான் வருந்தவில்லை. காலம் மாறும், கருவியும் மாறும். தெருப் பையன் வாசிக்க முடியாமல் போனதற்குத்தான் வருந்துகிறேன்.

சரி, பித்தளைக் குழல் வாங்கப் பணம் இல்லாத நம் கிராமத்துப் பள்ளி என்ன செய்வது? அதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது.

நம் ஊர் டிரம். நம் ஊர் பியூகிள்

தாரை தப்பட்டை என்று சொல்கிறோமே, அது என்ன? தாரை நீளமான ஊதுகுழல். அதிலும் சாவி இல்லை. உதடுதான் எல்லாம். கொம்பும் அப்படித்தான். அது வளைந்த குழல். தப்பட்டை என்பது பறை. அதாவது தாரை தப்பட்டை என்றால் நம் நாட்டுப் பியூகிளும் டிரம்மும்தான்!

பறை செய்ய என்ன வேண்டும்? வட்டமான மரச் சட்டம். மாட்டுத் தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிப்பதற்கு இரண்டு குச்சிகள். ஒன்று தடித்த அடிக்குச்சி. மற்றொன்று மெல்லிய சிண்டுக்குச்சி. வைக்கோல் தீயில் காய்ச்சினால் தோல் இறுகும். நாதம் கணீர் என்று எழும்பும்.

இத்தனை நல்ல வாத்தியத்தை ஏன் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்?

ஒரே கை, இரண்டு மரியாதை

பெரியவர் இதுவரை சொன்னதை எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவருடைய அப்பா பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் போக வேண்டும். தண்டோரா போட வேண்டும். கூலியாகக் கொஞ்சம் தானியம் கிடைக்கும். "வரமாட்டேன்" என்று சொல்ல முடியாது.

மற்றப் பையன்களுக்கு டிரம்மை உருட்டி அடிக்க வர மாதக்கணக்கில் ஆனது. இவருக்கு ஒரே வாரத்தில் வந்தது. டிரில் வாத்தியார் வியந்து போனார். "எங்கேடா கற்றாய்?" என்று கேட்டார்.

"சும்மா வந்தது ஐயா!" என்று சொல்லிவிட்டார் பையன்.

"என் அப்பா சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல வாய் வரவில்லை தம்பி. கோப்பையோடு வந்த என்னை ஊரார் தட்டிக் கொடுத்தார்கள். அதே ஊரார் அப்பாவை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி அளந்தார்கள். இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான்!" என்கிறார் அவர்.

வாசகர்களே! குச்சி அடிப்பது தோலைத்தான். டிரம்முக்கும் தோல். பறைக்கும் தோல். ஒன்றுக்குக் கைதட்டலும் மற்றொன்றுக்கு இளக்காரமும் ஏன்? வாத்தியத்தில் குற்றம் இல்லை. அடித்தவரின் சாதியைப் பார்த்தோம். குற்றம் அங்கேதான்.

பழந்தமிழர் இப்படி இருக்கவில்லை. முல்லை, குறிஞ்சி என்று பிரித்த ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைச் சொன்னது தொல்காப்பியம். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் முரசு வைக்கும் கட்டிலில் தூங்கிவிட்டார். தண்டிக்க வேண்டிய சேர மன்னன் அவருக்கு விசிறி வீசினான். அந்தக் கட்டில் அத்தனை புனிதமானது. அதில் இருந்தது ஒரு தோல் வாத்தியம்தான்!

அயலார் வாத்தியத்தையும் நாம் ஒதுக்கவில்லை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் அவற்றுக்கு வடமொழியில் பாட்டுக் கட்டினார். அவைதான் 'நோட்டுஸ்வரம்'. வெளியூர் வாத்தியத்துக்கு நடுவீட்டில் இடம் கொடுத்தவர்கள் நாம். சொந்த வாத்தியத்துக்குத் திண்ணையாவது கொடுத்தோமா?

"பறை வேண்டாம்" என்பவர்கள்

பறை அடித்த மக்களிலேயே பலர், "அது அடிமைச் சின்னம். அதைத் தொடவே வேண்டாம்" என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பெரியவரின் பிள்ளைகளும் பறையைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கட்டாய வேலையை விடுவது வேறு. கலையை விடுவது வேறு. சாவுக்கு அடி என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆசைப்பட்டுக் கற்கும் பிள்ளையைத் தடுக்கவும் கூடாது.

பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பையனின் தெருவைப் பார்த்து, "நீ பறையை எடு, நீ பியூகிளை எடு" என்று வாத்தியார் சொன்னால் அது பழைய கொடுமைதான். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எல்லா வாத்தியத்தையும் தொட வேண்டும். பெண் பிள்ளைகளும்தான். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பல ஆண்டுகளாகப் பறை முழக்கி வருகிறார்கள்.

காலம் மாறிவருகிறது. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. நல்ல தொடக்கம்!

ஆனால் டெல்லியைப் பாருங்கள். கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து பள்ளிகளுக்குத் தேசிய பேண்டுப் போட்டி நடத்துகின்றன. 2025 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் நான்கு பிரிவுகள். பித்தளைக் குழல் பேண்டு, பைக்குழல் பேண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. பைக்குழல் ஸ்காட்லாந்துக்காரர்களின் பெருமை. அதற்கு இடம் உண்டு. தாரை தப்பட்டைக்குத் தனிப் பிரிவு இல்லை!

செய்ய வேண்டியது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களே இதைத் தொடங்கலாம். வருடத்துக்கு ஒரு பேண்டுப் போட்டி. வெளுத்த பள்ளிச் சீருடையே போதும். ஒவ்வோர் அணியிலும் பியூகிள், டிரம்மோடு பறையும் கொம்பும் வரட்டும். சொல்லிக் கொடுக்க ஊர்ப் பறைக் கலைஞரை வாத்தியாராக அழையுங்கள். கூலி என்று கொடுக்காதீர்கள். சம்பளம் என்று கொடுங்கள். பிள்ளைகள் அவரை "ஐயா" என்று கூப்பிடட்டும்.

தாய்மார்களே, தகப்பனார்களே! உங்கள் பிள்ளை பறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். "அடித்துக் காட்டு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அப்படி ஒரு நாள் வந்தால், "எங்கேடா கற்றாய்?" என்று வாத்தியார் கேட்கும்போது எந்தப் பிள்ளையும் பொய் சொல்ல மாட்டான். "என் அப்பாவிடம் கற்றேன் ஐயா!" என்று நிமிர்ந்து நின்று சொல்வான்.