பின் சக்கரத்தையும் அளந்து காட்டுங்கள்

"பின் வீலுக்கு ஏதுங்க அலைன்மென்ட்?" களம்பூர் வழியாக ஆரணிக்கும் போளூருக்கும் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்பார்கள். சில மெக்கானிக்குகளும்தான். இந்த நம்பிக்கை தவறு. டயரைத் தின்பதோடு, மழை நாளில் ஆளையும் கவிழ்க்கும்.

பாதி உண்மை இருப்பதால்தான் அது நிலைத்துவிட்டது. நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம்தான். திருகிச் சரிசெய்ய அதில் போல்ட் கிடையாது. சரி, திருக இடமில்லை. அதனால் பார்க்கவே வேண்டாம் என்று எப்படி ஆகும்? திருகவே முடியாத பாகத்தின் அளவு மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது ரப்பர் புஷ் போய்விட்டது. பள்ளத்தில் இறங்கிய ஒரு அடி போதும்.

அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிவரும் லாரிக்காரர்களுக்கு இது தெரியும். ஸ்பிரிங் பட்டையில் சென்டர் போல்ட் ஒடிந்தால் பின் ஆக்ஸில் நகர்ந்து வண்டி ஒருக்களித்து ஓடும். காரில் கோணல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அவ்வளவுதான். ஒரு சக்கரம் அரை டிகிரி கோணினாலே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. உள்ளங்கையைப் பின் டயரின் மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். போகும்போது வழவழப்பு, திரும்பும்போது அரத்தைத் தொட்டதுபோல் சொரசொரப்பு என்றால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், கெட்டிருக்கிறது. அந்த டயரை முன்னால் மாற்றிப் போட்டதும் பழி முன் சக்கரத்துக்குப் போய்விடும்!

பின் சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால், கார் நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டும். கடையில் முன் டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கித் தருகிறார்கள். கார் கோணலாகவே ஓடுகிறது. பின் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருந்தாலோ, ஈரச் சாலையில் சட்டென்று ஒடிக்கும்போது வால் அலையும்.

வழி இருக்கிறது. சில கார்களில் ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஷிம் தகடு வைக்கலாம். வளைந்த பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். பின்புறம் மல்டி லிங்க் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் பெரும்பாலும் டோவைத் திருகவே போல்ட் உண்டு. எதுவானாலும் முதலில் பின்பக்கம், பிறகுதான் முன்பக்கம்.

அடுத்த முறை நான்கு சக்கரத்தின் அளவும் அச்சான தாளைக் கேளுங்கள். பின் சக்கரத்துக்கு எண் இல்லாத தாளைக் கொடுத்தால், முழு அலைன்மென்ட் என்று பணம் கட்டாதீர்கள்.