சர்க்கரைத் தீவும் சர்க்கரை நோயும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

'சர்க்கரை வியாதி பணக்கார வியாதி' என்று எங்கள் ஊர்த் திண்ணைகளில் பேசிக்கொள்வார்கள். உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் அது வரும், உழைத்துத் தின்பவனை அண்டாது என்பது அதன் பொருள். நானும் நம்பித்தான் இருந்தேன். சென்ற ஆடி மாதம் என் தாயாருக்கு அந்நோய் இருப்பதாக இரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லிற்று. எங்கள் வீட்டில் பணம் என்றைக்குமே இருந்ததில்லை. எனவே திண்ணைப் பேச்சைத்தான் சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "சோத்தக் குறைங்கம்மா, தினமும் அரைமணி நேரம் நடங்க" என்றார். நல்ல அறிவுரைதான், குறை சொல்வதற்கில்லை. வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "காலைல ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸு ஏறுனா, எட்டு மணிக்கு இருட்டுல எறக்கி உடறாங்க. நான் எப்பக் கண்ணு நடக்கறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பதிலைத் தேடிப் படித்தபோதுதான் மொரீஷியஸ் தீவின் கதை கையில் அகப்பட்டது.

இந்துமாக் கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு அது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். போஜ்புரி பேசுவோர் பெருவாரியானவர்கள். தெலுங்கரும் மராத்தியரும் நம் தமிழரும் அவர்களோடு போனார்கள். எல்லாரும் போனது கரும்புக்காக. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் என்று எழுதினால் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. வெயிலில் கரும்பு வெட்டியவரை அல்ல, வயலை விட்டுக் கூரைக்குள் வந்து அமர்ந்தவரையே இந்நோய் அதிகம் பிடிக்கிறது. 1970க்குப் பிறகு ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் அத்தீவில் பெருகின. தையல் எந்திரங்களின் முன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் தாயாரும் பத்தாண்டுகளுக்கு முன் கரும்பு வெட்டப் போனவர்தாம். இன்று பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன் அமர்ந்திருக்கிறார்.

1987ஆம் ஆண்டு அத்தீவில் பெரிய அளவில் ஒரு நலக் கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பது தெரிந்தது. நான் இருமுறை படித்துப் பார்த்த செய்தி அடுத்தது. இந்து, முஸ்லிம், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல், சீனர் ஆகிய நான்கு மக்களிடமும் ஏறத்தாழ அதே அளவு! 'இந்தியனின் இரத்தத்தில் ஊறியது, பரம்பரைச் சொத்து' என்று கைவிரிப்போர் இதற்கு என்ன சொல்வார்கள்? பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. விலங்கியல் மாணவர் அப்படி வாதாடினால் எங்கள் பேராசிரியர் விடமாட்டார். ஆனால் அந்நான்கு மக்களும் ஒரே வழிவந்தவர்கள் அல்லர். அவர்கள் பகிர்ந்துகொண்டது ஒரே மளிகைக் கடையையும் ஒரே மாதிரியான வேலையையும்தான்.

அரசு செயலில் இறங்கியது. வானொலி, பத்திரிகை, பள்ளிக்கூடம், தொழிற்சாலை எங்கும் பிரசாரம். அத்தோடு ஒரு காரியம் செய்தார்கள். ஏழை எளியோர் வாங்கும் ரேஷன் எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாமாயில். அதை 1987இல் முழுக்க முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றிவிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து, 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தின் கணக்கில் சுமார் 213 இருந்தது 182 ஆயிற்று. வாணலியில் ஊற்றிய தாய்மார் எவரும் இதற்காக நோன்பு இருக்கவில்லை. கடையில் கொடுத்ததை வாங்கினார்கள், அவ்வளவுதான்.

புகைப்பிடிக்கும் ஆண்களும் 58 விழுக்காட்டிலிருந்து 47க்குக் குறைந்தார்கள். இவையெல்லாம் இதயத்துக்கு நல்லவை. நீரிழிவுக்காரரை இறுதியில் கொண்டுபோவது பெரும்பாலும் இதய நோய்தான் என்பதால் இதைச் சிறிய வெற்றி என்று ஒதுக்க முடியாது. ஆனால் நீரிழிவின் அளவு குறையவே இல்லை. உடற்பருமனோ ஏறிவிட்டது.

ஏன்? ஓய்வு நேரத்தில் ஓரளவேனும் உடற்பயிற்சி செய்த பெண்கள் 1987இல் நூற்றுக்கு 1.3 பேர். ஐந்தாண்டுப் பிரசாரத்துக்குப் பின் 2.7 பேர்! ஆண்களில் 17 பேர் 22 ஆனார்கள். இரட்டிப்பாயிற்று என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். நூறு பெண்களில் தொண்ணூற்றேழு பேர் நடக்கவில்லை என்பதே நான் அதில் படித்தது. அவர்கள் சோம்பேறிகளா? மிஷினை விட்டு எழுந்தால் அடுப்பு, அடுப்பை விட்டால் பிள்ளை. ஓய்வு நேரமே இல்லாதவரிடம் ஓய்வு நேரப் பயிற்சியைக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பார்?

வாழ்க்கை முறையை மாற்றினால் இந்நோயைத் தடுக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அது 28.5 விழுக்காடு. மறந்துவிடாதீர்கள்: அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் பதினாறு பாடம் நடத்த ஒரு வழிகாட்டி கூடவே இருந்தார். நமக்குக் கிடைப்பது சீட்டெழுதும் நேரத்தில் ஒரு வரி. இரண்டையும் அறிவுரை என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டு, நோயாளி கேட்கவில்லை என்று பழிசொல்வது நியாயமாகுமா?

மொரீஷியஸ்காரர்கள் பிற்காலத்தில் கடைப்பக்கம் திரும்பினார்கள். 2009இல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் குளிர்பானம் விற்கத் தடை வந்தது. 2013இல் இனிப்புப் பானங்களில் உள்ள சர்க்கரையைக் கிராம் கணக்கில் அளந்து வரி போட்டார்கள். காலம் கடந்த வேலை. 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் நோய் கண்டுவிட்டது. சோயா எண்ணெய்க்கு ஒரே ஆணையில் காட்டிய துணிவைச் சர்க்கரைக்கும் அன்றே காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. கரும்பை நம்பிப் பிழைத்த தீவில் அது எளிதாக இருந்திராது என்பதையும் உணர்கிறேன்.

நம் ரேஷன் கடையிலும் 2007 முதல் பாமாயில் தருகிறார்கள். எங்கள் வீட்டுத் தாளிப்பு அதில்தான். அதை மாற்றுவது என் கையில் இல்லை. என் கையில் இருந்தது அம்மாவின் பஸ்தான். இப்போது அவரும் உடன் வேலை செய்யும் நான்கு பெண்களும் ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னதாகவே இறங்கி நடந்து வருகிறார்கள். அந்தச் சாலையில் விளக்கில்லை; நாய்த் தொல்லை வேறு. நான் கைவிளக்குடன் எதிரே போய் அழைத்து வருகிறேன், தேர்வு நாட்களில் தம்பி போவான். விளக்குக் கம்பம் கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்திட்டவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள்.