எரித்தவன் கேட்கும் கேள்வி

பழைய திரைப்படச் சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் தேடிச் சேர்ப்பவரைக் கண்டால் நம் தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பர். சங்க இலக்கியம் படிக்க ஆளில்லாத நாளில், சவுக்கும் கையுமாக நிற்கும் ஒருத்தியின் படத்தைப் பேணுவதுதான் தமிழ்த்தொண்டா என்று கேட்பர். நானும் அவ்வாறு கேட்டவனே. கேட்டதோடு நில்லாமல் ஒரு பெட்டி நிறைய இருந்தவற்றை எரிக்கவும் சொன்னவன். ஆகவே இக்கட்டுரையில் சாடப்படுவோரில் முதல்வன் நானே.

வட சிலாங்கூரில் தோட்டமொன்று கைமாறி, லயங்கள் இடிபடவிருந்த காலம் அது. பால்மரக் காட்டில் ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர் தகரப்பெட்டி ஒன்றைச் சுமந்து பள்ளிக்கு வந்தார். "புது வீட்டுல வைக்க எடமில்லீங்க சார், புள்ளைங்களுக்கு ஒதவட்டும்" என்றார். உள்ளே பாட்டுப் புத்தகங்கள், கொட்டகைத் துண்டறிக்கைகள், எட்டாக மடித்த சுவரொட்டிகள். மேலே கிடந்த தாளில் முகமூடி அணிந்த ஒருத்தி குதிரைமீது வாளோங்கி நின்றாள். அதற்குமேல் நான் புரட்டவில்லை. அந்த வாரக் கோத்தோங் ரோயோங்கில் பள்ளிக் குப்பையோடு அவையும் தீக்கிரையாயின. மறுவாரம் வந்த முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் எரித்தது எது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் 'கீசக வதம்' இல்லை. டி. பி. ராஜலட்சுமி தாமே இயக்கிய 'மிஸ் கமலா' இல்லை. கே. டி. ருக்மிணி கொள்ளைக்காரியாகக் குதிரையேறிய 1937ஆம் ஆண்டு 'மின்னல் கொடி'யும் இல்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. வெப்பத்திலும் ஈரத்திலும் தாமே மக்கின. எஞ்சியவற்றையும் வெள்ளி பிரித்தெடுப்பதற்காக உருக்கினர். படம் போனபின் எஞ்சுவது தாள்தான். நடிகர் பெயர், கதைச் சுருக்கம், பாடல், இராகம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்னும் வழக்கமான முடிப்பு யாவும் அந்த மட்டமான தாளில்தான் உள்ளன. காளிதாசன் கதைக்குள் காந்தியின் கைராட்டையைப் போற்றும் பாட்டொன்று நுழைந்திருந்தது. இவ்விந்தையைப் படம் பார்த்துச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.

"அவை மலிவான படங்கள்தாமே?" என்பது எதிர்வாதம். ஆம், பல மலிவானவையே. 1935இல் பம்பாயில் 'ஹண்டர்வாலி' நாடியாவின் சவுக்கை விற்றது. அமெரிக்காவில் 1936இல் பெற்றோருக்கு எச்சரிக்கையாக எடுக்கப்பட்ட ஒரு கஞ்சாப் படத்தை டுவேய்ன் எஸ்பர் என்னும் வணிகர் வாங்கி, 'ரீஃபர் மேட்னஸ்' முதலிய பெயர்களில் கிளுகிளுப்புச் சரக்காக ஊரூராக ஓட்டினார். படத்தில் இல்லாததைச் சுவரொட்டியில் காட்டிக் காசு பறிப்பதே அத்தொழிலின் நுட்பம். சரி, அந்த ஏமாற்றை மெய்ப்பிக்க எதைக் காட்டுவீர்? சுவரொட்டியைத்தானே? மட்டமான திரைப்படம் நம் தோட்டத்து மக்களைச் சுரண்டியது என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கியவர்களே சான்றைக் கொளுத்தினால் குற்றச்சாட்டு வெறும் வாய்ப்பேச்சாகிவிடாதா? திரைப்படத்தை வெறுப்பவனுக்குத்தான் அந்தத் தாள் மிகுதியும் வேண்டும்.

நம் பக்கத்து ஊரின் பெயரைப் பாருங்கள். அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. 1883இல் அணை உடைந்து கோலகுபு நகரையும் பல உயிர்களையும் வெள்ளம் கொண்டுபோனது. அழிவின் பெயராயிற்றே என்று எவரும் அதை மாற்றவில்லை. ஊர்க்காரர் அதனை நாள்தோறும் முகவரியில் எழுதுகின்றனர்.

நிற்க. இன்று வேறொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. 'மெட்ரோபோலிஸ்' படத்தின் சுவரொட்டி ஒன்று 2005இல் 6,90,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது என்ற செய்தி அவர்கள் கண்ணை உறுத்துகிறது. லயத்து வீடுகளில் நுழைந்து கிழவிகளிடம் ஐந்துக்கும் பத்துக்கும் வாங்குகின்றனர். சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுகின்றனர். எவருடையது, எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை. நான் நெருப்பில் செய்ததை இவர்கள் கண்ணாடிக்குள் செய்கின்றனர், வேறுபாடு அவ்வளவே.

சேர்ப்பது எப்படி என்பதற்குச் சான்றோர் இருக்கின்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீசு என எதையும் தள்ளாமல் திரட்டினார். அவர் மறைந்தபின் அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. பிலிம் நியூஸ் ஆனந்தன் படப்பட்டியலையும் நிழற்படங்களையும் ஆயுள் முழுதும் சேர்த்து, 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலைத் தந்தார். ஆனால் நம் கொட்டகையின் பெயரும் ஆட்ட நேரமும் அச்சிட்ட துண்டறிக்கை சென்னையில் எங்கே கிடைக்கும்? எந்தப் படத்தை எந்தத் தோட்டத்து மக்கள் என்ன விலை கொடுத்துப் பார்த்தனர் என்பது இங்குள்ள தகரப்பெட்டிகளில்தான் கிடக்கிறது. தோட்டங்களோ ஒவ்வொன்றாகச் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிக்கு அப்படியொரு பெட்டி வந்தால் முதலில் கொண்டுவந்தவரை உட்கார வையுங்கள். அவர் பெயர், தோட்டம், பிரிவு, படம் பார்த்த இடம், ஆண்டு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தாளில் எழுதாதீர்கள், தனிச்சீட்டில் எழுதுங்கள். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்ட வேண்டா, பிளாஸ்டிக் உறை ஏற்ற வேண்டா. மடிப்பை மெல்லப் பிரித்து, கறையான் எட்டாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதன் மூடியின் உட்புறத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.