ஐம்பது டாலரும் ஒரு பெட்டி பீரும்

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒரு ராக் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, பெரிய பத்திரிகையில் கட்டுரை எழுதி, ஆளாகி வீடு திரும்புகிறான். கேமரூன் குரோ எழுதி இயக்கி 2000இல் வெளிவந்த ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ படத்தின் கதையை யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன். ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் பயணம் போகிறார்கள். ஒருவன் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இன்னொருத்தி சீட்டாட்ட மேசையில் ஐம்பது டாலருக்கும் ஒரு பெட்டி ஹைனிகன் பீருக்கும் கைமாற்றப்படுகிறாள். நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவனின் கதையைத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இந்தப் படம் பிடிக்கும். பிடிக்காத படத்தோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. நம்மைச் சிரிக்கவைத்து, கண் கலங்கவைத்து, பாட்டை முணுமுணுக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிற படங்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவைதான் எதைப் பெரிதாக எடுக்க வேண்டும், எதைச் சின்ன விஷயமாக விட்டுவிட வேண்டும் என்று நமக்குப் பழக்குகின்றன.

கதை நடப்பது 1973இல். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வளரும் வில்லியம் மில்லருக்கு ராக் இசையைப் பற்றி எழுத ஆசை. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அவன் வயது தெரியாமல், ஸ்டில்வாட்டர் என்ற இசைக்குழுவைப் பற்றி எழுத அவனை அனுப்புகிறது. குரோவின் சொந்த வாழ்க்கைதான் இதற்கு அடிப்படை. அவரும் பதின்பருவத்திலேயே அந்தப் பத்திரிகைக்கு எழுதியவர். 1973இல் ஆல்மன் பிரதர்ஸ் குழுவோடு பயணம் செய்தவர். இந்தத் திரைக்கதைக்காக அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஒரு மனிதர் தன் இளமையை அன்போடு நினைத்துப் பார்ப்பதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. அந்த நினைவின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த வீட்டைப் பார்ப்போம். வில்லியமின் அம்மா எலைன் கல்லூரிப் பேராசிரியை; கண்டிப்பானவர். மகள் அனிதா சைமன் அண்ட் கார்ஃபங்கல் இசைத்தட்டு ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கே பெரிய விசாரணை நடக்கிறது. பதினெட்டு வயதானதும் அனிதா வீட்டைவிட்டுப் போய் விமானப் பணிப்பெண் ஆகிறாள். போகும்போது தன் இசைத்தட்டுகளைத் தம்பிக்கு விட்டுச்செல்கிறாள். அக்காள் ஒளித்து ஒளித்துக் கேட்ட இசையில்தான் தம்பியின் காது திறக்கிறது. நான்கு வருடம் கழித்து அதே அம்மா, அதே வீட்டிலிருந்து, பதினைந்து வயதுப் பையனை முன்பின் தெரியாத ஆண்களோடு ஊர் சுற்ற அனுப்பிவைக்கிறார். அழுகிறார், தொலைபேசியில் அதட்டுகிறார், ஆனாலும் அனுப்புகிறார். மகள் சண்டை போட்டு, உறவை அறுத்துக்கொண்டு எடுத்த விடுதலையை மகன் அனுமதியோடு பெறுகிறான். இந்த முரணைப் படம் ஒரு நொடிகூட நின்று பார்ப்பதில்லை.

‘ஆளாவது’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. பையன் ஆளாகிவிட்டான் என்றால் தலையெடுத்துவிட்டான், சம்பாதிக்கிறான், நாலு பேர் மதிக்கிறார்கள் என்று பொருள். பெண் ஆளாகிவிட்டாள் என்றால் வயதுக்கு வந்துவிட்டாள், இனி கண்காணிக்க வேண்டும் என்று பொருள். ஒரே சொல் ஆணுக்கு வெளியே போகும் வாசலையும் பெண்ணுக்கு உள்ளே போடும் தாழ்ப்பாளையும் குறிக்கிறது. அமெரிக்காக்காரர்கள் இந்தச் சொல்லை அறியமாட்டார்கள். படத்தை மட்டும் இந்த அகராதியின்படியே எடுத்திருக்கிறார்கள்.

இனி பென்னி லேன். கேட் ஹட்சன் நடித்த அந்தப் பெண்ணை மறக்க முடியாது. இசைக்குழுக்களோடு திரியும் பெண்களுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர் ‘குரூப்பி’. பென்னி அந்தப் பெயரை ஏற்பதில்லை. நாங்கள் இசைக்காக வந்தவர்கள், எங்கள் பெயர் ‘பேண்ட் எய்ட்ஸ்’ என்கிறாள். அவள் வயது என்ன? வில்லியம் தன் வயது பதினெட்டு என்றதும் தானும் அப்படியே என்கிறாள், பிறகு பதினேழு, அப்புறம் பதினாறு. இருவரும் சிரித்தபடி இறங்கிவரும் அந்த எண்கள் படத்தில் ஒரு காதல் விளையாட்டு. எனக்கு அது ஒரு சாட்சியம். கலிஃபோர்னியாவின் சட்டப்படி சம்மத வயது அன்றும் பதினெட்டுதான்.

பென்னிக்கு இசை தெரியும். எந்தக் குழு எப்படிப்பட்டது, யார் எங்கே தங்குவார்கள், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாம் தெரியும். வில்லியமுக்கு அந்த உலகத்தைச் சுற்றிக்காட்டுவதே அவள்தான். தனிமையாக உணர்ந்தால் இசைத்தட்டுக் கடைக்குப் போ, உன் நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று அவள் சொல்லும் யோசனை, படத்தில் வரும் எந்த விமர்சகரின் பேச்சுக்கும் குறைந்ததல்ல. அவளோடு இருக்கும் சஃபயர் என்ற பெண், ரசிப்பது என்றால் என்ன என்று கடைசியில் பேசும் சில வாக்கியங்களில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. இவ்வளவு கேட்கத் தெரிந்தவர்கள், இவ்வளவு சொல்லத் தெரிந்தவர்கள். இவர்களில் ஒருத்தி கையிலும் பேனா இல்லை. ஏன் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை.

சீட்டாட்டத்துக்கு வருவோம். ஸ்டில்வாட்டர்காரர்கள் பென்னியையும் தோழிகளையும் ஹம்பிள் பை என்ற இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விலை மேலே சொன்னதுதான். பென்னியோடு உறவில் இருக்கும் ரஸல் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். வில்லியம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் அவன் உண்மையைச் சொல்லும்போது பென்னி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, என்ன பீர் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை ‘என்ன அழகான வசனம்’ என்று வியக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவமானத்தை நகைச்சுவையாக்கி விழுங்கும் வித்தையை நம்மில் எத்தனை பேர் சின்ன வயதிலேயே கற்றோம் என்பது நமக்குத் தெரியும். அதை அழகு என்று சொல்லும் ஆளிடம் அந்த வித்தையைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் ரஸலின் துணைவி வந்துவிட்டதால் பென்னி ஒதுக்கப்படுகிறாள். ஹோட்டல் அறையில் தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். தேடி வரும் வில்லியம், நினைவு தப்பிக்கொண்டிருப்பவளிடம் தன் காதலைச் சொல்கிறான், முத்தமிடுகிறான். பிறகு மருத்துவர்கள் அவள் வயிற்றைக் கழுவுகிறார்கள். பின்னணியில் ஸ்டீவி வொண்டரின் இனிமையான காதல் பாட்டு. சாகக் கிடக்கும் சிறுமியின் வாந்தியைக்கூடப் பையனின் முதல் காதலாக மாற்றிவிட முடிகிறது என்றால், அதுதான் ஆண்மையச் சினிமாவின் திறமை. காமிரா அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. கதை அவன் பக்கமே இருக்கிறது.

வில்லியமுக்கும் அந்த உலகம் நல்லது செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பையனை மூன்று பெண்கள் படுக்கைக்கு இழுப்பதைப் படம் வேடிக்கையாகக் காட்டுகிறது. ஆணாதிக்கம் கட்டிய அந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கும் கதவு கிடையாது. ஆனால் காலையில் எழுந்து அந்த அனுபவத்தை ‘பொருளாக’ மாற்றிக்கொள்ளும் வசதி அவனுக்கு மட்டும் இருக்கிறது.

படம் இதையெல்லாம் கண்டிக்கத்தானே செய்கிறது என்று சொல்வீர்கள். ஆமாம், புயலில் சிக்கிய விமானத்தில், எல்லோரும் சாகப்போகிறோம் என்று நினைக்கும் நேரத்தில், வில்லியம் கத்துகிறான்: அவளைப் பயன்படுத்தித் தூக்கியெறிந்தீர்கள் என்று. நல்ல காட்சி. ஆனால் எங்கே கத்துகிறான்? ஆண்கள் நிறைந்த, கதவு மூடிய விமானத்தில். அவனுக்கு வழிகாட்டியாக வரும் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், நேர்மையாகவும் தயவுதாட்சண்யம் இல்லாமலும் எழுது என்று சொல்லியிருக்கிறார். அச்சில் ஏறிய கட்டுரையில் அந்த ஐம்பது டாலர் இருந்ததா? படம் சொல்வதில்லை. கட்டுரையின் தொடக்கம் என்று நாம் கேட்பது விமானத்தைப் பற்றியது. ரஸல் முதலில் மறுக்கிறான், பின்பு எழுதியதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொள்கிறான், வில்லியம் வீட்டுக்கே வந்து பேட்டியும் தருகிறான். இரண்டு ஆண்களுக்கும் இடையில் கணக்கு நேராகிவிட்டது. பென்னிக்கு மொராக்கோவுக்கு ஒரு விமானப் பயணம் கிடைக்கிறது.

“அது அந்தக் காலம், அப்படித்தான் இருந்தது” என்பது அடுத்த பதில். அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் முதல் பாப் இசை விமர்சகர் ஒரு பெண்: எலன் வில்லிஸ். 1968இலிருந்து எழுதினார்; அடுத்த வருடமே ஷுலமித் ஃபயர்ஸ்டோனோடு சேர்ந்து ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெண்ணிய இயக்கத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லிலியன் ராக்ஸன் 1969இல் ராக் இசைக்கு ஒரு கலைக்களஞ்சியமே எழுதினார். லெஸ்டர் பேங்ஸ் வேலை பார்த்த அதே ‘கிரீம்’ பத்திரிகையில் ஜான் யூஹெல்ஸ்கி எழுதிக்கொண்டிருந்தார். ‘ரோலிங் ஸ்டோன்’ அலுவலகத்திலேயே ராபின் கிரீன் இருந்தார். பின்னாளில் அவர் எழுதிய நினைவுக்குறிப்பின் தலைப்பே ‘தி ஒன்லி கேர்ள்’, ஒரே ஒரு பெண். இவர்களில் ஒருவர்கூடப் படத்துக்குள் வருவதில்லை. படத்தில் அந்தப் பத்திரிகைக்குள் நினைவில் நிற்கும் பெண், ஆண் எழுதியதைச் சரிபார்க்கும் அலிசன்தான். இதே வேலைப் பிரிவினையை எதிர்த்து 1970 மார்ச்சில் ‘நியூஸ்வீக்’ பத்திரிகையின் 46 பெண்கள் புகார் கொடுத்தார்கள். எழுதுவது ஆண்களுக்கு, தகவல் தேடித் தருவது பெண்களுக்கு என்ற ஏற்பாடு சட்டவிரோதம் என்றார்கள். ஆகவே அந்தக் காலத்துக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. தெரிந்து சொன்னவர்கள் பெண்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எலன் சாண்டரின் கதையைக் கேளுங்கள். 1969இல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக அவர் லெட் ஸெப்பலின் குழுவோடு பயணம் செய்தார். வில்லியம் செய்ததும் அதே வேலைதான். பயண முடிவில் விடைபெறப் போனபோது குழுவைச் சேர்ந்த இருவர் அவர்மேல் பாய்ந்து உடையைக் கிழித்தார்கள். மேனேஜர் வந்து விலக்கிவிட்டார். ‘லைஃப்’ பத்திரிகைக்கு அந்தக் கட்டுரை போகவில்லை. தன் புத்தகத்தில் சாண்டர் அதை எழுதினார். புத்தகம் வெளிவந்த ஆண்டு 1973. வில்லியம் பஸ் ஏறும் அதே ஆண்டு. படத்தில் அந்தக் குழுவின் பாடல்கள் பல ஒலிக்கின்றன. சாண்டரின் பெயர் எங்கும் இல்லை. பெண்ணின் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தாலும் அந்த மேடைக்குப் பின்னால் அவள் யாராகப் பார்க்கப்பட்டாள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

‘ரோலிங் ஸ்டோன்’ நிறுவனர்களில் ஒருவரான யான் வென்னர் படத்தில் ஒரு டாக்சிக்குள் சில நொடிகள் தலைகாட்டுகிறார். அவரே 2023இல் ராக் மேதைகளின் பேட்டிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். ஏழு பேர்; ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று கேட்டதற்கு, பெண்களும் கறுப்பினத்தவரும் அந்த அளவுக்குச் சிந்தித்துப் பேசக்கூடியவர்கள் அல்ல என்ற பொருள்படப் பதில் சொன்னார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டப அமைப்பின் இயக்குநர் குழுவிலிருந்து உடனே நீக்கப்பட்டார். இதே பத்திரிகை 1969இல் குரூப்பிகளைப் பற்றி ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. எழுதப்படும் பொருளாகப் பெண் பக்கம் பக்கமாக வரலாம். பேசத் தெரிந்தவளாக வர ஐம்பது வருடம் கழித்தும் இடமில்லை.

நானும் பத்திரிகையில் வேலை பார்த்தவள். இரவு நிகழ்ச்சிகளுக்கு என்னோடு சேர்ந்த பையன்கள் அனுப்பப்பட்டார்கள். எனக்குச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. அந்தப் பையன்கள் திரும்பி வந்து சொன்ன கதைகளைத் திருத்திப் பக்கம் அமைத்தது நான். “எழுத வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்” என்று ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ படத்தை எனக்குச் சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். பாருங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் வாசலில் யாரைத் தடுக்கிறார்கள், யாரை உள்ளே இழுக்கிறார்கள், உள்ளே போனவர்களில் யார் பெயர் கட்டுரைக்கு மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.

அன்பான ஒரு பையனின் பார்வை போதும் என்று நம்மைச் சமாதானப்படுத்துகிறது இந்தப் படம். போதாது. நல்ல பையன்கள் நம்மைப் பற்றி அழகாக எழுதுவது நீதி ஆகாது. பென்னி லேன் என்பது அவளாகவே வைத்துக்கொண்ட பெயர். அவள் சொந்தப் பெயரைப் படம் கடைசியில் வில்லியமுக்குத் தரும் பரிசாக வைத்திருக்கிறது. அந்தப் பெயர் கட்டுரையின் கீழே கையெழுத்தாக வந்திருக்க வேண்டும். அதில் முதல் வரியே அந்த ஐம்பது டாலராக இருந்திருக்கும். இன்று எங்கோ ஒரு பஸ்ஸின் பின்சீட்டில் காதில் பாட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நான் சொல்வது இதுதான்: உன்னைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருக்காதே. நோட்டுப் புத்தகத்தை நீ எடு.