எத்தனை நாள் ஏற்ற வேண்டும்?

2023 அக்டோபரில், மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் ஓர் ஆய்வின் முடிவைக் கேட்டு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொடங்கி முற்றிவிட்ட புற்றுநோய்க்கு, என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. பங்கேற்றவர்கள் 886 பேர். கீமோதெரபி பெற்றவர்களில் பாதிப் பேர் 16.1 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். கூட்டு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 31.5 மாதங்களைத் தாண்டினார்கள்.

கைதட்ட வேண்டிய வெற்றிதான். இரண்டு மருந்தைச் சேர்த்தால் பலன் கூடிவிடும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. இதே நோயில் டுர்வாலுமாப், டிரெமெலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை இணைத்த பெரிய ஆய்வு, 2020-இல் தன் இலக்கை எட்டாமல் போனது. சோதித்ததால்தான் அதுவும் தெரிந்தது.

ஆனால் மாட்ரிட் ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபுக்கு 35 தவணை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு, என்று வரம்பு இருந்தது. மற்ற மருந்தான என்ஃபோர்டுமாப் வெடோடினுக்கு வரம்பே இல்லை. நோய் முற்றும்வரை அல்லது உடம்பு தாங்கும்வரை ஏற்றலாம். அது புற்றணுவைத் தேடிப்போய் நஞ்சை இறக்கும் மருந்து. அந்த நஞ்சு நரம்பையும் தொடுகிறது. விரல் நுனி மரத்துச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போகிறது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளுக்கு இந்த மரத்துப்போதல் தெரியும்: செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு வாசலில் வந்து நிற்பார்கள். கூடுதலாகக் கிடைத்த பதினைந்து மாதத்தை இப்படித்தான் வாழ வேண்டுமா?

கட்டி கரைந்த பிறகு மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற சோதனையால் மருந்து நிறுவனத்துக்கு லாபமில்லை. ஆகவே அரசுதான் செய்ய வேண்டும். முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வெறும் 20 மில்லிகிராம் அளவில் மாத்திரை கீமோவுடன் சேர்த்துப் பார்த்தது. ஓராண்டு உயிரோடிருந்தவர்களின் பங்கு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனது. முழு அளவுக்கு இது சமம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. குறைந்த அளவையும் முறையாகச் சோதிக்கலாம் என்பதைக் காட்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் அப்படியொரு ஆய்வை நிதி கொடுத்து நடத்தட்டும். மருந்துக்கு நன்றாக இணங்கிய நோயாளிகளில், அவர்கள் சம்மதத்துடன், ஒரு பாதிக்கு நஞ்சேந்திய மருந்தை நிறுத்தி, மறு பாதிக்குத் தொடர்ந்து ஒப்பிடட்டும். எத்தனை மாதம் வாழ்ந்தார்கள் என்பதோடு, பொத்தான் போட முடிந்ததா என்பதையும் அந்த ஆய்வு கணக்கில் எடுக்க வேண்டும்.