நினைவூட்டுவதும் கெஞ்சுவதும்

ராசாவிலிருந்து செனவாங்குக்கும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கும் அலுவலக வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இப்போது மின்னஞ்சலைத் தனியாக எழுதுவதில்லை. பக்கத்தில் சாட்ஜிபிடியோ ஜெமினியோ திறந்திருக்கிறது. பதில் வராத கடிதத்துக்கு மறுபடி எழுதும் வேலை, ‘ஃபாலோ அப் போட்டாச்சா?’ என்று மேலாளர் ஓயாமல் கேட்கும் அந்த வேலை, ஏறக்குறைய முழுவதும் செயலியின் கைக்குப் போய்விட்டது. இதைச் சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்கிறார்கள். இந்த இதழுக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய் இடைநிலைப்பள்ளியில் எஸ்பிஎம் முடித்து, ஆங்கிலத்தில் நடக்கும் அலுவலகத்தில் போய் உட்காருகிற பிள்ளை அது. மூன்று மொழியும் அதற்குத் தெரியும். ஆனால் பணம் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குக் கோபமும் காட்டாமல் குழையவும் செய்யாமல் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் கை தயங்கும். இலக்கணம் பிழைத்தால் சிரிப்பார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழுதிய கடிதம் அனுப்பப்படாமலே மாலைவரை திரையில் கிடக்கும். வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எழுத்தில் பயந்து பின்வரிசையிலேயே நின்றதை இந்த வட்டாரத்தில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தப் பயம் இன்று பாதி தீர்ந்திருக்கிறது. இதை மனதார வரவேற்கிறோம்.

கடிதம் எழுத ஆள் தேடி அலைந்த சமூகம் நாம். தோட்டத்தில் துரைக்கு ஆங்கிலம், பால்மரம் வெட்டுகிறவருக்குத் தமிழ், நடுவில் கிராணி என்ற எழுத்தர். அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரராகவோ மலையாளியாகவோ இருப்பார். லயத்தில் சொன்னது ஆபீசில் எப்படி எழுதப்பட்டது என்பது சொன்னவருக்குத் தெரியவே தெரியாது. அந்த எழுத்து நம் பக்கம் திரும்பியது சங்கங்கள் வந்த பிறகுதான். போருக்குப் பின் இந்த நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-இல் பல மாநிலச் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைமைக்கு வந்தார். 1962-இல் மகசேசே விருதும் பெற்றார். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் தொழிலாளி என்ன கேட்கிறாரோ அதுவே இருக்க வேண்டும் என்பதை நிலைநாட்டியது அந்தத் தலைமுறை. இன்று தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் மேசையில் சம்பளம் கேட்காத கிராணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் பக்கம் நின்று எழுதுகிறார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் வாசகி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு வரைவைக் காட்டினார். வாடிக்கையாளர் தவணை முடிந்து மூன்று மாதமாகியும் பணம் கட்டவில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து, ‘இவங்க இன்னும் பாயார் பண்ணல, ரிமைண்டர் எழுது’ என்று இவர் தட்டியிருக்கிறார். வந்த கடிதம் நலம் விசாரித்துத் தொடங்கியது. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டது. உங்கள் வேலைப்பளு எங்களுக்குப் புரிகிறது என்றது. மூன்றாவது பத்தியில்தான் விலைப்பட்டியலின் எண் தலைகாட்டியது. கடைசியில், வசதிப்படும்போது ஒரு வார்த்தை சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன் என்று முடிந்தது.

பணம் தர வேண்டியவர் அவர், மன்னிப்புக் கேட்டவர் நம் பெண். வாசகி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பட்டியல் எண், தேதி, தொகை, கட்டியிருக்க வேண்டிய நாள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றை மட்டும் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறார். ஐந்து வரி வந்தது. அந்த ஐந்து வரியில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை நாம் சொன்னாலொழிய செயலி பொருட்படுத்துவதில்லை. உலகத்து அலுவலகங்களின் வழக்கமான பணிவை அது எடுத்துப் பூசுகிறது. வேறொருவருக்கு அது வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையையோ தோட்டத்து உத்தியோகஸ்தரையோ வழியில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் இறந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். இறங்கி நிற்க மாட்டோம் என்று சொல்ல அவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம். சேர வேண்டியதைக் கேட்கிற கடிதத்தில் நம் பிள்ளைகள் காரணமில்லாமல் குனிவதைப் பார்க்கும்போது எங்களுக்கு வலிக்கிறது.

குனிவதைவிடப் பெரிய ஆபத்து, எழுதிக்கொண்டே இருந்து நாளைக் கடத்திவிடுவது. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு வாரம் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் அந்த 60 நாள் நின்றுவிடாது. ‘உங்கள் விவகாரம் பரிசீலனையில் உள்ளது’ என்று அங்கிருந்து வரும் பதிலும் செயலி எழுதியதாக இருக்கலாம். இரண்டு பக்கமும் அழகான மொழியில் கடிதம் போய் வந்துகொண்டிருக்க, 61-ஆம் நாள் கதவு சாத்தப்பட்டுவிடும். ‘கடிதம் எழுது’ என்று மட்டும் கேட்டால் செயலி கடிதத்தைத்தான் எழுதும். ‘எனக்கு எத்தனை நாள் இருக்கிறது, எங்கே புகார் கொடுக்க வேண்டும்’ என்பதை நாம்தான் கேட்க வேண்டும். அது சொல்லும் பதிலையும் இலாகாவுக்குப் போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சம்பள விஷயத்திலும் இதேதான். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஊழியர் சேமநிதிப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்தத் தேதிகளில் ஒன்றைச் சேர்த்த இரண்டு வரி நினைவூட்டலின் பலம், தேதி இல்லாத இரண்டு பக்கக் கடிதத்துக்கு வராது.

நடக்காததை நடந்ததாகச் சொல்லும் பழக்கமும் செயலிக்கு உண்டு. ‘கடந்த வாரம் தொலைபேசியில் பேசியபடி’ என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பேச்சே நடந்திருக்காது. நாளை தொழிலாளர் இலாகாவில் வழக்கு என்று வந்தால் அந்த மின்னஞ்சல் சாட்சியமாகும், அந்த ஒரு வரி நம்மையே பொய்யராக்கும். அடுத்தவரின் மைகார்டு எண், சம்பளத் தாள், மருத்துவச் சான்று இவற்றை அப்படியே ஒட்டுவதும் கூடாது. 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசிய நிரல்களை சாட்ஜிபிடியில் ஒட்டியதால், அந்த நிறுவனம் இப்படிப்பட்ட செயலிகளுக்கே தடை போட்டது.

அரசு அலுவலகங்களும் இதே வழியில் வந்துவிட்டன. 445,000 அரசு ஊழியர்களுக்கு ஜெமினி வசதி தரும் திட்டத்தை நம் அரசாங்கம் 2025-இல் அறிவித்தது. நாம் அனுப்புவதைச் செயலி எழுதும், அங்கே வந்ததைச் செயலி சுருக்கிச் சொல்லும். எல்லாரிடமும் இருக்கும் இனிமைக்கு இனி மதிப்பில்லை. கோப்பு எண், முன்பு சந்தித்த அதிகாரி இன்ன தேதியில் என்ன சொன்னார், எந்த நாளுக்குள் நமக்கு என்ன வேண்டும் என்பவை சுருக்கத்திலும் தப்பிப் பிழைக்கும். முகப்பிடத்தில் போய் நிற்பதும் வீணாகாது. ஆபீசுக்கு நேரில் நடந்து நடந்தே காரியம் முடித்தவர்கள் நம் பெரியவர்கள்.

இந்தத் தலையங்கத்தை எழுதவைத்த மனக்குறை ஒன்று உண்டு. சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று புதுநகரங்கள் எழுந்திருக்கும் நிலத்தில் முன்பு ரப்பரும் செம்பனையும் நின்றன. அங்கே உழைத்தவர்கள் இன்று மலிவு வீடமைப்புகளில் நாலாம் மாடியில் இருக்கிறார்கள். பழைய முதலாளி கட்டாமல் விட்ட சேமநிதி, சொக்சோவில் கிடப்பில் கிடக்கும் விண்ணப்பம், இந்த மண்ணிலேயே பிறந்தும் மாறாத சிவப்பு அடையாள அட்டை என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பை நம்பி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த பாட்டிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முதலாளிக்காக அன்றாடம் எத்தனையோ நினைவூட்டல் கடிதம் அனுப்புகிறார்கள். பாட்டிக்காக ஒன்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள். ‘பெர்காரா டி அத்தாஸ் அடாலா டிருஜுக்’ என்று தொடங்கும் அரசாங்க மலாயைச் செயலி நன்றாகவே எழுதுகிறது. மொழி தெரியாது என்று சொல்லித் தப்ப இனி வழியில்லை.

ராசாவில் படித்த பிள்ளைகள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ மடிக்கணினியோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலில் பெரியவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். பைக்குள் இருக்கும் பழைய கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு செயலியைத் திறக்கலாம். எழுதி முடித்ததை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அனுப்புங்கள். நகல் ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த இதழிலிருந்து எங்கள் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒரு மாதிரிக் கடிதம், மலாயில் எழுதித் தமிழ் விளக்கத்தோடு, வெளிவரும். முதலாவது, தேசியப் பதிவு இலாகாவுக்கு எழுதும் நினைவூட்டல்.