மூன்று அடிக்கல் கண்ட துறைமுகம்

மல்காஜ்கிரியில் எங்கள் தெருமுனைக் கடையில் 'பந்தர் லட்டு' விற்கிறார்கள். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். தெலுங்கர் வாயில் அது ஒரே ஊர்தான்: மச்சிலிப்பட்டினம். இங்கிருந்து சுமார் 340 கி.மீ. கடலே இல்லாத ஹைதராபாத்துக்கு ஒரு காலத்தில் கடல் வாசலாக இருந்த ஊர்.

கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் அங்கிருந்து ஆச்சே, பெகு, மோக்கா என்று கப்பல்கள் போயின. கலம்காரித் துணியும் ஹஜ் பயணிகளும் அதே வழி. 1611-ல் ஆங்கிலேயர் பண்டகசாலை போட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி: 1639-ல் மதராஸில் இடம் பிடித்த பிரான்சிஸ் டேவுக்குப் பக்கபலமாக நின்ற ஆண்ட்ரூ கோகன், மசூலிப்பட்டினத்து ஆங்கிலேயப் பண்டகசாலையின் தலைவர். ஆந்திரா பிரிந்தபோது 'மதராஸ் மனதே' என்று கோஷம் போட்டவர்களுக்கு இந்த வாதம் ஏன் தோன்றவில்லையோ!

1759-ல் கர்னல் போர்டு பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்தார். ஹைதராபாத்தை ஆண்ட சலாபத் ஜங் அதை ஆங்கிலேயருக்கே எழுதிக் கொடுத்தார். போன வாசல் போனதுதான். 1940-களில் நிஜாமின் ஆலோசகர் வால்டர் மாங்க்டன், போர்ச்சுகீசியரிடமிருந்து கோவா கிடைக்குமா என்றுகூட முயன்று பார்த்தார்.

ஆனால் பந்தர் படுத்ததற்கு அரசியல் மட்டும் காரணமல்ல. அங்கே ஆழம் இல்லை. கிருஷ்ணா கொண்டுவரும் வண்டல் கரையோரக் கடலை மேடாக்கியது. கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நிற்க, சரக்கு படகில் போய்வந்தது. 1864 நவம்பர் 1 புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. மாண்டவர்கள் சுமார் 30,000 பேர். 1933-ல் மலை மறைவில் விசாகப்பட்டினம் துறைமுகம் திறக்கப்பட்டதும் பெரிய கப்பல்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

பிறகு அடிக்கல்களின் காலம். 2008-ல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி நாட்டினார். ஒப்பந்தம் எடுத்த குழுவின் தலைமை நிறுவனம் சத்யம் குடும்பத்தினருடையது. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளிவந்ததும் திட்டம் முடங்கியது. 2019 பிப்ரவரியில் சந்திரபாபு நாயுடு நாட்டினார். ஆட்சி மாறியதும் ஆகஸ்டிலேயே ஒப்பந்தம் ரத்து. 2023 மே மாதம் ஜெகன்மோகன் ரெட்டி, சுமார் 5,156 கோடி ரூபாய்க்கு. அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே கடலில் கல் விழுந்தது. அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. முதல் கல்லின்போது பிறந்த பிள்ளைக்கு அப்போது பள்ளிப்படிப்பு முடிகிற வயது.

2014-ல் மாநிலம் பிரிந்து ஹைதராபாத் மறுபடி கடலை இழந்தது. எங்கள் தொகுதி எம்.பி.யாக இருந்து 2023-ல் தெலங்கானா முதல்வரான ரேவந்த் ரெட்டி, பந்தருக்கு நேர்ச் சாலை கேட்டார். சுல்தான்களின் வண்டிகள் போன அதே திசை.

சாலை போடலாம். ஆனால் வண்டல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தோண்டிய கால்வாயில் மண் திரும்ப வந்து படியும். வருஷா வருஷம் அதை அள்ளும் செலவு யார் தலையில்? நாலாவது கல்லைப் பற்றி யாராவது யோசிப்பதற்குள் பந்தர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.